38 பேர் இருந்த சைக்கிள் குழுவில் இப்போது 6 பேர்தான் வருகிறார்கள், என்ன செய்யலாம்? (திருச்சி)

உறையூர்_பெடல்:

வணக்கம். திருச்சியில் நாங்கள் நடத்துகிற ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் குழுவைப் பற்றி யோசனை கேட்க வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன தை மாதம் நானும் அலுவலக நண்பர் ஒருவரும் மட்டும் உறையூரில் கிளம்பி, குடமுருட்டிப் பாலம் தாண்டி, கரூர் சாலையில் கம்பரசம்பேட்டை, முத்தரசநல்லூர், ஜீயபுரம் வழியாக முக்கொம்பு போய் இட்லி சாப்பிட்டுத் திரும்புவோம். போக வர முப்பது சொச்சம் கிலோமீட்டர். போட்டோ போட்டதைப் பார்த்து நான்கு பேர் வந்தார்கள், அவர்கள் பத்துப் பேரைக் கூட்டி வந்தார்கள், பங்குனியில் வாட்ஸ்அப் குழுவில் 38 பேர் ஆகிவிட்டோம். ஞாயிறு தவறாமல் இருபத்தைந்து பேராவது வருவார்கள். வங்கியில் வேலை பார்ப்பவர், காந்தி மார்க்கெட்டில் வெங்காய மண்டி வைத்திருப்பவர், இரண்டு நர்ஸ்கள், அரசுப் பள்ளியில் கொடுத்த சைக்கிளிலேயே வந்த பதினோராம் வகுப்புப் பையன்கள் மூன்று பேர் என்று எல்லாரும் இருந்தார்கள்.

இப்போது ஆவணி. போன ஞாயிறு ஆறு பேர். அதற்கு முந்தைய ஞாயிறு ஏழு. குழுவில் மட்டும் தினமும் காலை வணக்கப் படங்களும் முருகர் படங்களும் குறையாமல் வருகின்றன.

நாங்கள் ஒன்றும் செய்யாமல் இல்லை. ஜெர்சி அடித்தோம் (ஆளுக்கு 750 ரூபாய், விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும்). ஓட்டிய தூரத்தைப் பதிவு செய்கிற ஸ்ட்ராவா செயலியில் குழு தொடங்கி, மாதம் அதிக தூரம் ஓட்டியவருக்குச் சின்ன கோப்பை கொடுத்தோம். ஒரே இடம் அலுத்துவிடக்கூடாது என்று கல்லணை, நார்த்தாமலை, விராலிமலை என மாற்றி மாற்றிப் போனோம். ஆனாலும் ஆள் குறைந்துகொண்டே வருகிறது. வேறு ஊர்களில் குழு நடத்துகிறவர்கள் ஆளை எப்படிப் பிடித்து வைக்கிறீர்கள்? மாரத்தான் மாதிரி ஏதாவது பெரிதாக நடத்தினால் சரியாகுமா?

கோவை200:

எல்லாக் குழுவிலும் நடப்பதுதான், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள். முதல் மூன்று மாதம் ஆசை, அப்புறம் தூக்கம் ஜெயிக்கும்.

எங்களுக்கு உதவியது ஒரு குறிக்கோள் வைத்தது. பி.ஆர்.எம். என்கிற நீண்டதூர சைக்கிள் சவாரியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 200 கிலோமீட்டரை 13 மணி 30 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும். 300 என்றால் 20 மணி, 400 என்றால் 27 மணி, 600 என்றால் 40 மணி நேரம். பாரிஸில் இருக்கிற ஆடாக்ஸ் கிளப்பின் விதிகள்தான் உலகம் முழுக்க. வழியில் குறித்த இடங்களில் அட்டையில் முத்திரை வாங்கிக்கொண்டே போக வேண்டும், முன்விளக்கு பின்விளக்கு ஒளிரும் சட்டை எல்லாம் கட்டாயம், பின்னாலேயே கார் வந்து தண்ணீர் கொடுக்கிற கதையெல்லாம் கிடையாது. "நவம்பரில் ஒரு 200" என்று தேதி குறித்துவிட்டால், அதற்காகவே ஆட்கள் காலையில் எழுவார்கள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் இதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். அது பந்தயமே கிடையாது. 8 மணி நேரத்தில் முடித்தவனுக்கும் 13 மணி 25 நிமிடத்தில் வந்து விழுந்தவனுக்கும் கிடைப்பது ஒரே பதக்கம்தான், முதலிடம் இரண்டாமிடம் என்று எதுவும் இல்லை. என் முதல் 200ஐ முடிக்க 13 மணி 10 நிமிடம் ஆனது. கடைசி நாற்பது கிலோமீட்டர் அம்மாவை நினைத்துக்கொண்டே ஓட்டினேன், அதற்கு மேல் கேட்காதீர்கள். அதனால் உங்கள் மாதக் கோப்பை எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. கோப்பை வாங்குகிறவன் கோப்பை இல்லாமலே ஓட்டுவான்.

வருடத்துக்கு ஒரு பெரிய சவாரி வையுங்கள். நாங்கள் ஆழியாறிலிருந்து வால்பாறை ஏறுவோம், 40 கொண்டை ஊசி வளைவு. உங்களுக்குக் கொல்லிமலை பக்கம், அங்கே 70. புதியவர்களை அங்கே கூட்டிப்போய்விடாதீர்கள், அப்புறம் ஆறும் மூன்றாகிவிடும்.

டபுள்ஸ்_கேஸ்:

சைக்கிள் ஓட்ட எதற்குய்யா குழு? என் தாத்தா கேரியரில் நெல் மூட்டையும் முன்பாரில் என் அப்பாவையும் வைத்து லால்குடி சந்தைக்குப் போனார், ஜெர்சி போட்டாரா? எட்டு மணிக்கு வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்து டீக்கடை பெஞ்சு முழுக்க உட்கார்ந்துகொண்டு "இன்னிக்கு ஆவரேஜ் எவ்ளோ" என்று பேசுகிறவர்களைப் பார்த்தாலே எனக்கு டீ இறங்காது. ஆறு பேர் வருகிறார்களா, ஆறு பேரோடு போங்கள். ஒரே டேபிளில் உட்காரலாம்.

(சும்மா சொன்னேன், கோபிக்க வேண்டாம். நானும் கியர் சைக்கிள் வாங்கி வீட்டில் துணி காயப்போட்டுக் கொண்டிருக்கிறவன்தான்.)

கீரனூர்க்காரி:

அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். எத்தனை பேர் குறைந்தார்கள் என்று இருக்கிறது. யார் முதலில் நின்றார், எந்த வாரம் நின்றார் என்று எங்கேயும் இல்லை. அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இரண்டு நர்ஸ்கள் வந்தார்கள் என்றீர்கள், இப்போது வருகிற ஆறு பேரில் பெண் யாராவது உண்டா?

இல்லை என்றே வைத்துக்கொள்கிறேன், ஏனென்றால் எனக்கும் இதே அனுபவம். வேறு ஒரு ஊரில் ஒரு குழுவில் நாலு மாதம் இருந்தேன். 4:45க்கு வந்து சேர வேண்டும் என்பார்கள். அந்த இருட்டில் தெருநாய் துரத்த நான் தனியாக மூன்று கிலோமீட்டர் ஓட்டி வந்தால்தான் "குழு சவாரி" ஆரம்பிக்கும். அப்புறம் டிபன் நிறுத்தம் ஒரு மரத்தடிக் கடையில். ஆண்களுக்கு ஊரெல்லாம் கழிப்பறை, எங்களுக்கு? வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். தண்ணீர் குடிக்காமலே நாற்பது கிலோமீட்டர் ஓட்டுவேன், வீட்டுக்கு வந்து தலைவலியில் படுப்பேன். ஐந்தாவது மாதம் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. இதற்கு ஜெர்சி தேவையில்லை, நிறுத்தத்தை ஒரு பெட்ரோல் பங்குக்குப் பக்கத்தில் வைத்தாலே போதும்.

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக்குச் சைக்கிளோடு ஒரு பழைய சொந்தம் உண்டு. 90களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த சமயம், எழுத்தோடு சேர்த்துப் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அதில் என் அம்மாவும் ஒருவர். அம்மா களையெடுக்கப் போகிறவர். சேலையைக் கணுக்காலுக்கு மேல் இழுத்துச் செருகிக்கொண்டு, வாடகைக்கு எடுத்த ஆண்கள் சைக்கிளில் முதலில் குரங்குப் பெடல், அப்புறம் சீட். லேடீஸ் சைக்கிள் கேட்டீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "அது எதுக்கு, பார் இருந்தாத்தானே உன்னைய முன்னால உக்கார வைக்க முடியும்" என்றார். அம்மா கற்றுக்கொண்ட ஊர் மைதானத்தில் ஒரு வழக்கம் இருந்ததாம். கற்றுக்கொண்டவள் அடுத்தவளுக்குப் பின்சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓட வேண்டும். பிடிக்க ஆள் இல்லாமல் ஒருத்தியும் ஏறியதில்லை.

சரி, கதை போதும். யார் முதலில் நின்றது, சொல்லுங்கள்.

உறையூர்_பெடல்:

நேற்று இரவு இதைப் படித்துவிட்டு, குழுவில் பழைய பதிவுகளைப் பின்னாலேயே உருட்டிக்கொண்டு போனேன். பெண்கள் யாரும் இல்லை, நீங்கள் சொன்னது சரி. அவர்கள் இருவரும் ஆனி கடைசியிலேயே நின்றுவிட்டார்கள், டியூட்டி மாறியிருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். பள்ளிப் பையன்கள் அதற்கும் முன்னால். "வேகமாகப் போவோர் முதல் அணி, மற்றவர் இரண்டாம் அணி" என்று நான் பிரித்த வாரம்தான். அவர்களை இரண்டாம் அணியில் போட்டது நான்.

ஆனால் மொத்தமாகச் சரிந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு. இதை முதல் பதிவில் எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் பொய்.

ஆடி மூன்றாவது ஞாயிறு. கல்லணைக்குப் போனோம், பதினெட்டுப் பேர். திருவானைக்காவல் தாண்டி உத்தமர்சீலி, கிளிக்கூடு வழியாகப் போகிற சாலை. போகும்போது யாரும் மிதித்த மாதிரியே இல்லை, பறந்துகொண்டு போனோம். காவிரியில் தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது, அணையில் நின்று போட்டோ எடுத்தோம். திரும்பும்போது காற்று எதிரில். ஏழரைக்கே வெயிலும் ஏறிவிட்டது. முன்னால் போன நாங்கள் ஐந்து பேர் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு காற்றை வெட்டிப் போய்விட்டோம். மற்றவர்கள் துண்டு துண்டாகிவிட்டார்கள்.

கடைசியில் வந்தது அந்த வங்கிக்காரர். வயது ஐம்பத்திரண்டு. புதிதாகக் கியர் சைக்கிள் வாங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. உத்தமர்சீலிக்குக் கொஞ்சம் முன்னால் பின்சக்கரத்தில் கருவேல முள். என்னைக் கூப்பிட்டிருக்கிறார், 8:12க்கு ஒரு தடவை, 8:15க்கு ஒரு தடவை. போன் என் பையில் சைலண்டில் இருந்தது. நான் திருவானைக்காவலில் காபி குடித்துக்கொண்டு "இன்று 40 கி.மீ., சராசரி 27" என்று படம் போட்டேன். ஆள் எண்ணவில்லை. இரண்டு மிஸ்டு கால் பார்த்தேன், நேராக வீட்டுக்குப் போயிருப்பார், அதைச் சொல்லக் கூப்பிட்டிருப்பார் என்று நினைத்துத் திருப்பிக் கூப்பிடவில்லை.

அவர் ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறார். வழியில் ஒரு சைக்கிள் கடை இருந்திருக்கிறது, கடைக்காரர் டியூபைத் தண்ணீரில் முக்கிப் பார்த்து ஒட்டும் போட்டுக் கொடுத்துவிட்டார். காற்றடிக்கப் பார்த்தால் பம்பு வாய் உட்காரவில்லை. கியர் சைக்கிளில் வருகிற மெல்லிசு வால்வு, நம்முடைய பழைய பம்புக்குப் பொருந்தாது. இதெல்லாம் அப்புறம் இன்னொருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அன்று 11:20க்கு அவர் குழுவை விட்டு வெளியேறினார். ஒரு வார்த்தை எழுதவில்லை. அந்த வாரம் இன்னும் நாலு பேர் வெளியேறினார்கள், அடுத்த ஞாயிறு ஒன்பது பேர்.

எழுதும்போதே அசிங்கமாக இருக்கிறது.

பொன்மலை_சங்கு:

தம்பி, எழுதினது நல்லது. நான் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் முப்பத்தாறு வருஷம். எங்கள் காலத்தில் சங்கு ஊதினால் கேட்டிலிருந்து சைக்கிள் வெளியே வருவதைப் பார்க்க வேண்டும், அணை திறந்த மாதிரி இருக்கும். அதில் எவனுக்காவது செயின் கழன்றால் நடுரோட்டில் நிற்க முடியாது, பின்னால் வருகிறவன் தோளைப் பிடித்து ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் மாட்டிவிட்டுத்தான் போவான். பெரிய மனசு என்று இல்லை, நாளைக்கு அவன் செயினும் கழலும்.

வால்வு சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுவோம். அந்த மெல்லிசு வால்வுக்குப் பிரெஸ்டா என்று பேர். நுனியில் ஒரு குட்டித் திருகு இருக்கும், அதைத் தளர்த்தினால்தான் காற்று ஏறும். அதன் மேல் மாட்டுகிற பித்தளைக் குப்பி ஒன்று விற்கிறது, சுண்டுவிரல் நகம் அளவு. அதை மாட்டினால் பைக்குக்குக் காற்றடிக்கிற எந்தக் கடையிலும் அடித்துக்கொள்ளலாம். ஒரு ரோஸ்ட் விலை கூட இல்லை. உங்கள் ஆட்கள் ஒவ்வொருவர் சீட்டுப் பையிலும் ஒன்று கிடக்க வேண்டும். அதோடு ஒரு மாற்று டியூப், இரண்டு டயர் லீவர். முள்ளைப் பிடுங்காமல் புது டியூப் போடுகிற புத்திசாலிகளும் உண்டு, டயருக்கு உள்ளே விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிட்டுப் போடச் சொல்லுங்கள். ஞாயிறு சவாரிக்குப் பதில் ஒரு ஞாயிறு எல்லாரையும் உட்கார வைத்துப் பஞ்சர் ஒட்டவும், பிரேக் கட்டை மாற்றவும், சக்கரத்தில் கோட்டம் எடுக்கவும் சொல்லிக்கொடுங்கள். ஓவராயில் செய்யத் தெரியாதவன் கையில் லட்ச ரூபாய் சைக்கிள் இருந்து என்ன?

அடுத்தது காற்று. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று தெரிந்த ஊர்க்காரர்கள் நீங்கள் எப்படிக் கல்லணைக்குப் போனீர்கள்? திருச்சியில் ஆனி, ஆடியில் அடிப்பது மேல்காற்று, பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கேயிருந்து வரும். கல்லணை நமக்குக் கிழக்கே. போகும்போது காற்று தள்ளும், நாம் பெரிய வீரன் என்று நினைப்போம். திரும்பும்போதுதான் அது வசூல் செய்யும், அதுவும் களைத்த காலிலும் வெயிலிலும். அந்த மாதத்தில் முக்கொம்புக்குத்தான் போக வேண்டும். இருட்டிலே தெம்பாக இருக்கும்போது எதிர்க்காற்றில் போய்விட்டு, வயிற்றில் இட்லி விழுந்த பிறகு காற்றோடு வீடு வரலாம். கல்லணையைக் காற்று மாறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கரிகாலன் கட்டினது, இரண்டு மாதத்தில் எங்கேயும் ஓடிவிடாது.

கோவை200:

பொன்மலை சார் சொன்னதற்கு மேல் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் குழுவில் கடைசியாக வருகிறவருக்கு "வால்" என்று பெயர். வால் என்பது மெதுவாக ஓட்டுகிறவர் இல்லை, நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவர், அன்றைக்கு அவர் முறை. அவர் பையில் டியூப், பம்பு, கட்டுத்துணி, குளுக்கோஸ் இருக்கும். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. வால் வந்து சேராமல் யாரும் டிபன் ஆர்டர் செய்யக்கூடாது என்றும் வைத்திருக்கிறோம். பசி இருக்கிறதே, அதை விட நல்ல போலீஸ் கிடையாது. முன்னால் போனவனெல்லாம் தானாகவே திரும்பி வந்து பின்னால் இருப்பவரைத் தள்ளிக்கொண்டு வருவான்.

உங்கள் முதல் அணி இரண்டாம் அணியைக் கலைத்துவிடுங்கள். வேகம் வேண்டுமென்பவர்களுக்குச் செவ்வாய், வியாழன் கொடுங்கள். ஞாயிறு எல்லாருக்குமானது.

டபுள்ஸ்_கேஸ்:

அந்த வங்கிக்கார சாரைப் போய்ப் பார்த்தீர்களா? போன் வேண்டாம், நேரில் போங்கள். நான் கிண்டல் செய்கிறவன்தான், ஆனால் இது மட்டும் கிண்டல் இல்லை.

உறையூர்_பெடல்:

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்.

போனேன். தில்லை நகரில் வீடு. சைக்கிள் மாடிப்படிக்குக் கீழே நின்றது, பின்டயரில் காற்று இல்லை, அன்று நின்ற நிலையிலேயே நிற்கிறது என்று நினைக்கிறேன். அவர் என்னை வையவில்லை. வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உக்காருங்க தம்பி" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். மன்னிப்புக் கேட்டேன், கையை ஆட்டி விட்டுவிடச் சொன்னார். அப்புறம் நான் வாங்கிக்கொண்டு போயிருந்த பித்தளைக் குப்பியை மாட்டிக் காற்றடித்துக் காட்டினேன். அதைக் கழற்றி, மாட்டி, மறுபடி கழற்றி நாலு தடவை பார்த்தார். "இதுக்காய்யா நான் அவ்வளவு தூரம் நடந்தேன்" என்றார். ஞாயிறு வருவீர்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, அவரும் சொல்லவில்லை.

நர்ஸ்களில் ஒருவரிடம் பேசினேன். கீரனூர்க்காரி அக்கா எழுதியதை வார்த்தைக்கு வார்த்தை சொன்னார், நாய் உட்பட. இப்போது 5:45க்குக் கிளம்புகிறோம், ஜீயபுரம் போகும் வழியில் ஒரு பெட்ரோல் பங்கில் பேசி வைத்திருக்கிறோம். தெரு தெருவாக இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து வருவது என்றும் முடிவு செய்திருக்கிறோம். கோப்பையை நிறுத்திவிட்டோம், அதில் ஒருவருக்குக் கோபம், போன ஞாயிறு வரவில்லை. பஞ்சர் ஒட்டும் பாடம் நடந்தது, பதினொரு பேர் வந்தார்கள், அதில் பள்ளிப் பையன்கள் இருவர். எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்ததே அவர்களில் ஒருவன்தான், அவன் மாமாவுக்கு மணச்சநல்லூரில் சைக்கிள் கடையாம். இத்தனை மாதம் அவனை இரண்டாம் அணியில் வைத்திருந்தேன்.

இந்த மாதம் முழுக்க நான்தான் வால். பின்னாலிருந்து பார்த்தால் சாலையே வேறு மாதிரி இருக்கிறது. முத்தரசநல்லூரில் வாய்க்கால் இவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்று இத்தனை நாள் எனக்குத் தெரியாது.

பொன்மலை_சங்கு:

நல்லது தம்பி. ஐப்பசி வருகிறது, மழை பிடித்துக்கொள்ளும். உங்கள் கியர் சைக்கிள்களில் ஒன்றுக்கும் மட்கார்டு கிடையாது. முன்னால் போகிற பத்துப் பேர் டயர் வாரி அடிக்கிற சேறு முழுக்க வாலாக வருகிறவர் மூஞ்சியில்தான் வந்து விழும். இப்போதே வாங்கி மாட்டச் சொல்லுங்கள்.